ஓவனுக்குள் அறுந்துபோகும் பேச்சு

சமையலறை அலமாரிக்குள் பொருத்தப்படும் இன்றைய மின்சார ஓவனில் பெரும்பாலும் இரண்டு எலக்ட்ரானிக் போர்டுகள் இருக்கும். முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது டிஸ்ப்ளே போர்டு. விரல் தொட்டதை உணர்வதும், நேரத்தையும் வெப்பநிலையையும் காட்டுவதும், தேர்ந்தெடுத்த சமையல் முறையை நினைவில் வைத்திருப்பதும் அதன் வேலை. மேல்மூடிக்கு அடியிலோ முதுகுப்புறத்திலோ இருப்பது பவர் போர்டு. 230 வோல்ட் மின்சாரம் அங்கேதான் வந்து சேர்கிறது; ஹீட்டர்களையும் விளக்கையும் விசிறிகளையும் இணைக்கும் ரிலேக்களும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே மூன்று முதல் ஐந்து மெல்லிய வயர்கள் ஓடுகின்றன. அவற்றின் வழியே நடக்கும் தகவல் பரிமாற்றம் தடைப்பட்டால், ஹீட்டரும் சென்சாரும் விசிறியும் நல்ல நிலையில் இருந்தாலும் ஓவன் சூடாகாது.

குமிழைத் திருப்பி வெப்பநிலை வைக்கும் பழைய ஓவன்களிலும், தமிழ்நாட்டு வீடுகளில் மேசைமேல் இருக்கும் சாதாரண ஓடிஜி வகையிலும் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே குமிழின் அடியிலேயே தெர்மோஸ்டாட் இருக்கிறது. ஹீட்டருக்குப் போகும் மின்சாரம் அதன் முனைகளிலேயே சேர்ந்து பிரிகிறது. கட்டளையிடும் பகுதியும் செய்து முடிக்கும் பகுதியும் பிரிந்து, நடுவே டிஜிட்டல் செய்தி ஓடத் தொடங்கிய பிறகுதான் தொடர்புக் கோளாறு என்ற தனி வகை உருவானது.

செய்தி போகும் முறை எளிமையானது. டேட்டா வயரில் இரண்டே நிலைகள்: 5 வோல்ட் அருகே இருந்தால் 1, பூஜ்யத்துக்கு அருகே இருந்தால் 0. எதுவும் பேசப்படாதபோது வயர் 5 வோல்ட்டில் ஓய்ந்திருக்கும். பேச்சு தொடங்கும்போது ஒரு கணம் பூஜ்யத்துக்கு இறங்கும். அது தொடக்கக் குறி. அதன் பின்னால் எட்டு பிட்டுகள், கடைசியில் ஒரு முடிவுக் குறி. வினாடிக்கு 9600 பிட் என்ற வழக்கமான வேகத்தில் ஒரு பிட் 104 மைக்ரோ வினாடி நீடிக்கும். பத்து பிட்டுகள் சேர்ந்த ஒரு பைட் ஏறத்தாழ ஒரு மில்லி வினாடியில் போய்ச் சேரும். போஷ், சீமென்ஸ் சாதனங்களைத் தயாரிக்கும் பிஎஸ்எச் குழுமம் டி-பஸ் என்றும், வேர்ல்பூல் வைட் என்றும் தங்களுக்கென்று தனி முறைகளை வைத்திருக்கின்றன. 1990களின் பிற்பகுதியில் கார்களுக்காக உருவான லின் என்ற ஒற்றை வயர் முறையும் வீட்டுச் சாதனங்களுக்குள் வந்திருக்கிறது. பெயர் எதுவானாலும் வயரில் ஓடுவது மேலும் கீழும் தாவும் மின்னழுத்தம்தான்.

200 டிகிரி என்ற செய்தியை எடுத்துக்கொள்ளலாம். இருமத்தில் அது 11001000. வழியில் புகுந்த மின் இரைச்சல் கடைசி பிட்டை மாற்றினால் அது 201 ஆகும். சமையலுக்கு ஒன்றும் ஆகாது. முதல் பிட் மாறினால் அதுவே 72 ஆகிவிடும். இந்த ஆபத்தைத் தடுக்க, ஒவ்வொரு செய்தியின் வாலிலும் அதன் பைட்டுகளிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண் சேர்த்து அனுப்பப்படுகிறது. பெறும் போர்டு அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் செய்தியைத் தள்ளிவிடுகிறது. ஒன்றிரண்டு செய்திகள் தள்ளப்பட்டால் வெளியே எதுவும் தெரியாது, மறுபடி அனுப்பப்படும். குறித்த காலத்துக்குள் ஒரு நல்ல செய்திகூட வராவிட்டால்தான் போர்டு தொடர்பு அறுந்ததாக முடிவு செய்து, ரிலேக்களைத் திறந்து, ஹீட்டரை அணைத்து, திரையில் பிழைக் குறியைக் காட்டும். இது பாதுகாப்புக்காகவே இப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நிறுத்து என்ற கட்டளை வந்து சேர வழியில்லாத நிலையில் 2000 வாட்டுக்கு மேல் இழுக்கும் ஹீட்டரை எரியவிடுவது தீ விபத்தில் முடியக்கூடும். பழுதான நிலையிலும் சாதனம் ஆபத்தின்றி அடங்க வேண்டும் என்பது வீட்டுச் சாதனங்களுக்கான ஐஇசி 60335 தரத்தொகுப்பின் அடிப்படை எதிர்பார்ப்பு. அதில் ஓவன், அடுப்பு வகைகளுக்கென்றே 60335-2-6 என்ற பகுதி உண்டு.

பிழைக் குறிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரே நிறுவனத்தின் மாடல்களுக்குள்ளும் மாறும். சாம்சங்கின் பல ஓவன் கையேடுகளில் சி-எஃப்0 என்பது மெயின் போர்டுக்கும் சப் போர்டுக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதையும், சி-எஃப்1 என்பது நினைவகச் சிப்பைப் படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்பதையும், சி-எஃப்2 என்பது தொடுகையை உணரும் ஐசி மற்ற மைக்ரோகன்ட்ரோலருடன் பேசவில்லை என்பதையும் குறிக்கின்றன. மூன்றும் தொடர்புக் கோளாறுகளே; ஆனால் மூன்றின் இடங்கள் வேறு. முதலாவதில் வயரும் கனெக்டரும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. இரண்டாவது அனேகமாக ஒரே போர்டுக்குள் நடக்கும் விஷயம். மூன்றாவது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தொடுபகுதியைச் சேர்ந்தது. அதனால் திரையில் வந்த குறியை எழுத்து பிசகாமல் குறித்துக்கொண்டு அந்த மாடலின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான பல ஓவன்களில் தொழில்நுட்பத் தாள் ஒன்றை மடித்து, கன்ட்ரோல் பேனலுக்குப் பின்னால் செருகியே அனுப்புகிறார்கள். போர்டுகளைத் திறப்பவர் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

தொடர்புக் குறி சொல்வது ஒன்றே ஒன்று: இந்தப் போர்டுக்குச் செய்தி வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது. கதவைத் தட்டியும் பதில் வரவில்லை என்று திரும்பி வந்தவர், வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்று நிரூபித்துவிடவில்லை. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். ஓவன் பழுதுபார்ப்பில் மிகுதியாக வீணாகும் பணம் இந்த இடத்தில்தான் வீணாகிறது. குறி திரையில் தெரிவதால் டிஸ்ப்ளே போர்டு மாற்றப்படுகிறது. குறி போகாததால் பவர் போர்டும் மாற்றப்படுகிறது. கடைசியில் துருவேறிய ஒரு கனெக்டர் பின் அப்படியே உள்ளே இருக்கிறது. திரையில் எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்றாலே டிஸ்ப்ளே போர்டுக்கு மின்சாரம் வருகிறது, அதன் மைக்ரோகன்ட்ரோலர் இயங்குகிறது என்று பொருள். சந்தேகம் முதலில் பாதையின்மேல் விழ வேண்டும்.

அதற்கும் முன்னால், கோளாறே இல்லாத சில நிலைகளை விலக்க வேண்டும். மின்வெட்டுக்குப் பிறகு கடிகாரத்தைச் சரிசெய்யும் வரை பல ஓவன்கள் சூடாக மறுக்கும். குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் பொத்தான்கள் வேலை செய்யாது. கடைகளில் காட்சிக்கு வைக்கும் டெமோ முறையில் இருக்கும் ஓவனில் திரை, விளக்கு, விசிறி எல்லாம் ஓடும். ஹீட்டர் மட்டும் எரியாது. இவை எதிலும் தொடர்புக் குறி வராது. அதனாலேயே குறி உண்டா இல்லையா என்பதை முதலில் பிரித்துப் பார்த்தால் பாதி குழப்பம் நீங்கிவிடும்.

குறி எப்போது வருகிறது என்பது அடுத்த கேள்வி. எந்த மீட்டரும் தராத தகவலை இது தரும். மெயின் ஸ்விட்சையோ எம்சிபியையோ அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி போட வேண்டும். தொடுபொத்தானில் அணைப்பது போதாது. அப்போதும் போர்டுகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். மின்சாரம் வந்தவுடனே குறி திரும்பினால் வயர் அறுந்தோ, ஷார்ட் ஆகியோ, ஒரு போர்டு செயலிழந்தோ இருக்கிறது. கடிகாரம் ஒழுங்காக ஓடி, சூடேற்றத் தொடங்கும்போது ரிலே கிளிக் என்று விழும் அந்தக் கணத்தில் குறி வந்தால் மின்வழங்கி பலவீனமாகியிருக்கிறது, அல்லது ஒரு இணைப்பில் மின்தடை கூடியிருக்கிறது. இருபது, முப்பது நிமிடம் நன்றாக ஓடிய பிறகு வந்தால் வெப்பத்தால் விரியும் ஏதோ ஒன்று காரணம். ஒருமுறை வந்து, பிறகு மாதக்கணக்கில் வராவிட்டால் மின்சார ஏற்ற இறக்கம் போன்ற வெளிக்காரணமாக இருக்கலாம். அதற்காகப் போர்டைக் கழற்ற வேண்டியதில்லை.

மூடியைத் திறப்பதற்கு முன் சொல்லியாக வேண்டிய ஆபத்துகள் உண்டு. ஓவனின் மின்சாரத்தை எம்சிபியில் துண்டித்து, முனைகளில் மின்சாரம் இல்லை என்று அளந்து உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும். பவர் போர்டில் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கிச் சேமிக்கும் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் இருக்கும். ஸ்விட்சை அணைத்த பிறகும் அது சிறிது நேரம் நிற்கும். இதைவிடப் பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. போன் சார்ஜரில் 5 வோல்ட் பக்கம் மின்மாற்றியால் பிரிக்கப்பட்டிருக்கும். பல ஓவன் போர்டுகளில் அப்படிப் பிரிப்பு கிடையாது. 5 வோல்ட் சுற்றின் கிரவுண்டு நேரே நியூட்ரலோடோ ஃபேஸோடோ இணைந்திருக்கும். இரண்டு பின்களுக்கு நடுவே 5 வோல்ட்தான் என்றாலும், அவற்றில் எதைத் தொட்டாலும் எர்த்தைப் பொறுத்து 230 வோல்ட் இருக்கக்கூடும். மின்சாரம் இருக்கும்போது செய்யும் அளவீடுகள் பயிற்சி பெற்ற தொழில்நுட்பருக்கு மட்டுமே உரியவை என்பதற்கு இதுதான் காரணம். மைக்ரோவேவ் வசதியும் சேர்ந்த ஓவன் என்றால் உயர் அழுத்தக் கெபாசிட்டரும் உள்ளே இருக்கிறது. அது உயிரைப் பறிக்கும். அந்தப் பயிற்சி இல்லாதவர் அதன் மூடியைத் திறக்கவே கூடாது.

மின்சாரம் துண்டித்த நிலையில் கண்ணால் பார்ப்பதே முதல் சோதனை. எந்த வயர் எங்கே இருந்தது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. தகட்டின் கூரான விளிம்பில் உரசி உறை கிழிந்த வயர், பழுப்பேறிய போர்டு, உப்பிய கெபாசிட்டர், வெடித்த வேரிஸ்டர், கண்ணாடிக்குப் பின்னால் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை ஒரு பார்வையிலேயே தெரியும். சூடும் இருட்டும் இருக்கும் இடத்தைத் தேடி எறும்பும் கரப்பானும் போர்டுகளில் குடியேறுவதுண்டு. அவற்றின் எச்சம் ஈரத்தை இழுத்து அடுத்தடுத்த பின்களுக்கு நடுவே மின்பாதை அமைத்துவிடும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இதே வேலையைச் செய்கிறது.

அதிகக் கவனம் பெற வேண்டியது கனெக்டர். ஓவன் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் வயரும் பின்னும் பிளாஸ்டிக் கூடும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. குளிர்விக்கும் விசிறியின் அதிர்வும் சேர்ந்துகொள்கிறது. வெள்ளீயம் பூசிய பின் தன் துணைப் பின்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு உரசி உரசி நகர்கிறது. உரசிய இடத்தில் புதிய உலோகம் வெளிப்பட்டு ஆக்ஸைடாகிறது; அந்தத் தூள் அங்கேயே தங்கி மின்சாரத்தைத் தடுக்கிறது. கழற்றி மாட்டினால் அடுக்கு சுரண்டப்பட்டுக் கோளாறு மறைந்துவிடும். சில வாரங்களில் திரும்பி வரும். கழற்றி மாட்டியதும் சரியாகிவிட்டது என்றால் வேலை முடிந்தது என்று பொருளல்ல. இடம் தெரிந்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

அந்தத் தூள் என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்கோடு பார்க்கலாம். இரண்டு போர்டுகளையும் இணைக்கும் வயர்களில் ஒன்று கிரவுண்டு. டிஸ்ப்ளே போர்டு எடுக்கும் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியேதான் திரும்புகிறது. டேட்டா வயரில் இருப்பது 1ஆ 0ஆ என்று அளந்து பார்ப்பதற்கான அடிப்படையும் அதே கிரவுண்டுதான். திரை பிரகாசமாக எரியும்போது 200 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், நல்ல பின்னில் மின்தடை ஓம்மின் சிறு பங்குதான் என்பதால் இழப்பு எதுவும் தெரியாது. பின்னில் 5 ஓம் சேர்ந்துவிட்டால் ஓம் விதிப்படி அங்கே ஒரு வோல்ட் இழக்கப்படும். டிஸ்ப்ளே போர்டின் பூஜ்யம் இப்போது பவர் போர்டின் பூஜ்யத்தைவிட ஒரு வோல்ட் மேலே நிற்கிறது. 5 வோல்ட்டில் இயங்கும் மைக்ரோகன்ட்ரோலர் பொதுவாக 1.5 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் 0 என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் பெரும்பகுதி ஏற்கெனவே தின்னப்பட்டுவிட்டது. மீதியை விசிறி மோட்டாரின் இரைச்சல் தின்றுவிடும். போதாததற்கு டிஸ்ப்ளே போர்டுக்குக் கிடைக்கும் மின்னழுத்தமும் 4 வோல்ட்டாக இறங்கியிருக்கிறது. சில மைக்ரோகன்ட்ரோலர்கள் 4.3 வோல்ட்டுக்குக் கீழே போனாலே தங்களை மறுதொடக்கம் செய்துகொள்ளும்படி அமைக்கப்பட்டவை. இரவில் திரை மங்கி, மின்னோட்டம் குறைந்திருக்கும்போது இதே ஓவன் குறையில்லாமல் கடிகாரம் காட்டும். சமைக்கத் தொடங்கினால் மட்டும் பேச்சு அறும். ஒரு பின்னில் சேர்ந்த 5 ஓம், இரண்டு போர்டுகளும் செத்துவிட்டன என்று நம்பவைக்கப் போதுமானது.

மின்சாரம் இல்லாத நிலையில் வயரை இரு முனைகளிலும் கழற்றி, மல்டிமீட்டரின் ஓம் அளவில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே ஒரு ஓம்முக்குக் குறைவாக இருக்க வேண்டும். அடுத்த வயரோடும் ஓவனின் உடலோடும் தொடர்பே இருக்கக் கூடாது. கன்டின்யூட்டி ஒலியை மட்டும் நம்பக் கூடாது. பல மீட்டர்கள் 30 ஓம், 50 ஓம் வரை பீப் என்று கத்தும். மேலே சொன்ன 5 ஓம் கோளாறு அதில் தேறிவிடும். அளக்கும்போதே வயரை வளைத்தும் மெல்ல இழுத்தும் பார்ப்பது அவசியம். உறைக்குள் எல்லா இழைகளும் அறுந்து, முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் வயர் அசையாத நிலையில் நல்ல அளவுதான் காட்டும்.

பாதை சரியென்றால் அடுத்தது மின்வழங்கி. இங்கிருந்து மின்சாரம் இருக்கும் நிலையில் அளக்க வேண்டியிருப்பதால் வேலை தொழில்நுட்பரின் கைக்குப் போகிறது. பவர் போர்டிலிருக்கும் சிறிய ஸ்விட்சிங் சுற்று, ரிலேக்களுக்கு 12 வோல்ட்டும் மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு 5 வோல்ட்டும் தருகிறது. பவர் போர்டின் கனெக்டரில் 5 வோல்ட் இருந்து, டிஸ்ப்ளே பக்கக் கனெக்டரில் இல்லையென்றால் குறை நடுவிலிருக்கும் வயரில்தான். பவர் போர்டிலேயே இல்லையென்றால், டிஸ்ப்ளே போர்டைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். கழற்றியதும் 5 வோல்ட் எழுந்து வந்தால் டிஸ்ப்ளே போர்டு உள்ளே ஷார்ட் ஆகி வழங்கியைக் கீழே இழுத்திருக்கிறது. கழற்றியும் வராவிட்டால் வழங்கியே பழுது. இந்த ஒரு சோதனை இரண்டு போர்டுகளில் எது குற்றவாளி என்பதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும், செலவும் கிடையாது.

வழங்கி பலவீனமாவதற்கு வழக்கமான காரணம் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர். அதற்குள் இருக்கும் திரவம் வெப்பத்தில் மெல்ல வற்றுகிறது. பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் தோராய விதி. 105 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் என்று குறிக்கப்பட்ட கெபாசிட்டர் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரை வரும். போர்டு 75 டிகிரியில் இருந்தால் 16,000தான். குளிர்விக்கும் விசிறி மெதுவாகச் சுழல்வதும், அலமாரியில் காற்று போக இடைவெளி விடாமல் ஓவனைப் பொருத்துவதும் இந்தப் பத்து டிகிரியை எளிதாகக் கூட்டிவிடும். சமையல் முடிந்த பிறகும் விசிறி சிறிது நேரம் ஓடுவது போர்டுகளைக் காக்கத்தான். சத்தம் பிடிக்கவில்லை என்று அப்போதே மெயின் ஸ்விட்சை அணைப்பது அவற்றின் ஆயுளைக் குறைக்கும்.

வற்றிய கெபாசிட்டர் சுமையில்லாதபோது 5 வோல்ட்டைச் சரியாகவே காட்டும். ரிலே ஒன்றின் சுருள் 12 வோல்ட்டில் சுமார் 33 மில்லி ஆம்பியர் எடுக்கும். மேல் ஹீட்டர், கீழ் ஹீட்டர், விசிறி என மூன்று ரிலேக்கள் சேர்ந்து இழுக்கும்போது 100 மில்லி ஆம்பியர் கூடுகிறது. அந்தக் கணத்தில் மின்னழுத்தம் பள்ளம் விழுந்து எழும். மைக்ரோகன்ட்ரோலர் மறுதொடக்கமாகிவிட, செய்தி நடுவில் அறுகிறது. பள்ளம் சில மில்லி வினாடிகளே நீடிப்பதால் மல்டிமீட்டரின் எண்கள் அதைக் காட்டாது; ஆசிலோஸ்கோப்தான் காட்டும். ரிலே கிளிக்கோடு சேர்ந்து வரும் பிழைக் குறியைக் காதால் கேட்டுக் குறித்துக்கொள்வது ஏன் முக்கியம் என்பது இங்கே புரியும்.

மின்சாரம் இரு பக்கமும் சரியாக இருந்தும் பேச்சு இல்லையென்றால் டேட்டா வயரை அளக்க வேண்டும். மல்டிமீட்டர் சராசரியைக் காட்டும் கருவி. அந்தச் சராசரியிலிருந்தே நிறைய தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு 100 மில்லி வினாடியிலும் 20 மில்லி வினாடி பேச்சு நடக்கிறது, அதில் பாதி பிட்டுகள் பூஜ்யம் என்றால், மீட்டர் 5 வோல்ட்டுக்குப் பதிலாக 4.5 வோல்ட் அருகே லேசாக ஆடிக்கொண்டிருக்கும். அப்படி ஆடினால் யாரோ பேசுகிறார்கள். ஆடாமல் 5 வோல்ட்டில் நின்றால் யாருமே பேசவில்லை. பூஜ்யத்தில் ஒட்டி நின்றால் வயர் கிரவுண்டோடு ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது ஒரு போர்டின் வெளியீட்டுப் பகுதி எரிந்து வயரைக் கீழே பிடித்துக்கொண்டிருக்கிறது. மின்சாரத்தை அணைத்து ஒரு முனையைக் கழற்றி, மறுபடி போட்டால் எந்தப் போர்டு பிடித்துக்கொண்டிருந்தது என்பது தெரியும். முதலில் கேள்வி கேட்கும் பொறுப்புள்ள போர்டு, எதிர்ப்பக்கம் யாரும் இல்லாவிட்டாலும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும்; அதன் துடிப்பு தெரிகிறதா என்று பார்த்தால் அது உயிரோடு இருப்பது உறுதியாகும்.

ஆசிலோஸ்கோப் இணைக்கும்போது மேலே சொன்ன பிரிப்பில்லாத கிரவுண்டு மறுபடி குறுக்கே வருகிறது. ஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப் எர்த்தோடு இணைந்தது. அதை ஃபேஸோடு தொடர்புள்ள போர்டு கிரவுண்டில் மாட்டினால் அங்கேயே தீப்பொறி பறக்கும், போர்டும் கருவியும் போகும். ஓவனை மின்சாரத்திலிருந்து முழுவதும் பிரித்து, தனி வழங்கியிலிருந்து 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் கொடுத்து, இரண்டு போர்டுகளையும் மேசைமேல் பேசவைத்துப் பார்ப்பது பாதுகாப்பான வழி. பட்டறைகளில் நல்ல கைகள் இதைத்தான் செய்கின்றன.

சூடான பிறகு மட்டும் வரும் கோளாறே பொறுமையை மிகவும் சோதிப்பது. போர்டு ஆறியிருக்கும்போது எல்லா அளவும் சரியாக இருக்கும். கனெக்டர் பின்கள், ரிலேக்கள், சுருள்கள் போன்ற கனமான பாகங்களின் அடியில் சால்டர் வட்டமாக விரிசல் விட்டிருக்கும்; ஆறும்போது முனைகள் சேரும், சூடானால் விலகும். பூதக்கண்ணாடியில் பின்னைச் சுற்றி முடியளவு கறுத்த வளையமாக அது தெரியும். மேசைமேல் இயங்கும் போர்டில் ஹேர் டிரையரால் ஒரு பகுதியை மட்டும் சூடாக்கி, கோளாறு வந்ததும் குளிரூட்டும் ஸ்பிரேயைப் பாகம் பாகமாக அடித்துக்கொண்டே போனால், எதைக் குளிர்விக்கும்போது பேச்சு திரும்புகிறதோ அதுவே காரணம். சுமார் 480 டிகிரி வரை சூடேற்றித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் வசதியுள்ள ஓவன்களில், அந்தச் சுத்தத்துக்குப் பிறகு இவ்வகை விரிசல்கள் வெளிப்படுவது பழுதுபார்ப்பவர்களுக்குப் பழக்கமான காட்சி.

தொடுபகுதியின் கோளாறு தனி வகை. அங்கே தொடுகை ஐசி, திரையின் மைக்ரோகன்ட்ரோலரோடு பெரும்பாலும் 1982இல் ஃபிலிப்ஸ் உருவாக்கிய ஐ2சி போன்ற குறுந்தூர முறையில் பேசுகிறது. தட்டையான ரிப்பன் கேபிள் நடுவில் இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் நீராவி புகுந்தாலோ, ரிப்பன் ஒரு பக்கமாகச் சாய்ந்து செருகப்பட்டிருந்தாலோ தொடர்புக் குறி வரும். கதவின் ரப்பர் கேஸ்கெட் கிழிந்து ஆவி மேலே ஏறுவது இதற்குப் பின்னாலிருக்கும் உண்மைக் காரணமாக இருக்கலாம். அதை விட்டுவிட்டுத் தொடுபகுதியை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

சரிசெய்யும் முறையும் கண்டுபிடித்த இடத்தைப் பொறுத்தது. ஆக்ஸைடு ஏறிய பின்களை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலிலோ கான்டாக்ட் கிளீனரிலோ துடைக்கலாம். உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. வெள்ளீயப் பூச்சு போய்விட்டால் அடியிலிருக்கும் உலோகம் இன்னும் வேகமாகத் துருவேறும். பிடி தளர்ந்த கனெக்டர் என்றால் வயர்த்தொகுதியையே மாற்றுவது நல்லது. போர்டின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறு செலவு. விரிசல் விட்ட சால்டரைப் பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். கெபாசிட்டருக்கு மாற்றாக 105 டிகிரி தரத்தில் உள்ளதையே போட வேண்டும். 85 டிகிரி தரத்தில் கிடைப்பது விலை குறைவு, ஓவனுக்குப் பொருந்தாது.

போர்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பழைய போர்டில் ஒட்டியிருக்கும் பாக எண்ணையும் அதன் கடைசி எழுத்துகளையும் அப்படியே பார்த்து வாங்க வேண்டும். ஒரே வடிவ போர்டு பல மாடல்களில் பயன்படுகிறது. எந்த மாடலில் எத்தனை ஹீட்டர், எந்த வகைச் சென்சார் என்பது நினைவகச் சிப்பில் எழுதப்பட்டிருக்கும். சில நிறுவனங்களின் புதிய போர்டு வெற்றாக வருகிறது. சேவை மையத்தின் மென்பொருளால் மாடல் எண் ஏற்றினால்தான் மற்றப் போர்டு அதை ஏற்கும். ஏற்றாமல் மாட்டினால் பழைய தொடர்புக் குறியே திரும்ப வரும்; புதிய போர்டும் பழுது என்று தவறாகத் திருப்பி அனுப்பப்படும். உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் ஓவனில் இதில் எதையும் தனியாகச் செய்யாமல் நிறுவனத்திடம் விடுவதே சரி.

வேலை முடிந்ததும் எர்த் வயர் மறுபடி இறுக்கப்பட்டிருக்கிறதா, டேட்டா வயர்கள் ஹீட்டர் வயர்களை ஒட்டிப் போகாமல் பழைய பாதையிலேயே கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் ரிலே மாறும்போதெல்லாம் எழும் இரைச்சல் டேட்டாவுக்குள் புகும். எல்லா மூடிகளையும் போட்டு, ஓவனை அலமாரிக்குள் தள்ளி, காற்றோட்டம் வழக்கமாக இருக்கும் நிலையில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். திறந்த ஓவன் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். மேசைமேல் தேறிய போர்டு அலமாரிக்குள் தோற்பதுண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் வெப்பநிலைச் சென்சாரின் அளவுப்படி ரிலே பலமுறை விழுந்து எழும், போர்டுகள் தங்கள் முழுச் சூட்டை அடையும், விசிறி முழு வேகத்தில் ஓடும். அணைத்த பிறகு விசிறி தானாக நிற்கும் வரை குறி வரவில்லையென்றால் கோளாறு தீர்ந்தது.